மறைத்தற்குரியதன்று மக்கட்பேறு

(நம் சங்கத்தின் தாம்பரம் கிளைத் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் கூட்டங்களிற் பெரும்பாலும் பேசப்படாத பொருளாகும். கல்வி நிதி பற்றியும், திருமணத் தகவல் பற்றியும், மண்டபத் திருப்பணி பற்றியும் இம்மேடையில் ஆண்டுதோறும் பேசுகின்றோம். ஆனால் பார்வையாலோ செவியாலோ, கைகால் இயக்கத்தாலோ, பேச்சாலோ, அறிவு வளர்ச்சியாலோ ஏனைய குழந்தைகளினின்றும் வேறுபட்டு வளரும் குழந்தைகளைப் பற்றி ஒரு சொல்லும் எழக் கேட்டிலோம். அத்தகைய குழந்தைகள் நம் இல்லங்களில் இல்லாமையாலன்று. இருக்கின்றனர் என்று சொல்ல நாம் கூசுவதனாலேயாம்.

எம் கருத்தை முதற்கண்ணே சுருங்கச் சொல்லிவிடுகின்றோம். இக்குழந்தைகள் படும் துன்பத்திற் பெரும்பகுதி அவர்தம் குறையினால் வருவதன்று. நம் மறைப்பினால் வருவது. மறைத்து வைத்திருப்பவர் வெளியே வந்து கேட்கமாட்டார். கேளாதவர்க்கு மருத்துவமனையும் உதவாது, பள்ளியும் உதவாது, சட்டமும் உதவாது, சுற்றமும் உதவாது. ஆகவே மறையாமையும் கேட்டுப் பெறுதலும் ஆகிய இவ்விரண்டுமே பெற்றோர்க்கும் சங்கத்தார்க்கும் உரிய கடமைகளாம். இவற்றை முறையே விளக்குவோம்.

தமிழ்ப் புலமை பயின்ற காரணத்தால் எமக்கு எதனையும் சொல்லிலிருந்து தொடங்குவதே வழக்கம். புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் என்னும் புலவர், சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறுமிடத்து, பார்வையின்மை, செவி கேளாமை, பேச்சின்மை முதலிய பிறவிக் குறைகளை எட்டு வகையாக எண்ணிச் சொல்கின்றார். அப்பிறப்புக்களைப் பயனற்றவையென்று முன்னோர் கருதினர் என்பதையும் அப்பாட்டே காட்டுகின்றது. பழந்தமிழ் நூல்களைப் போற்றுவதில் நாம் யார்க்கும் பின்னிட்டவரல்லோம். எனினும் முன்னோர் கொண்டதெல்லாம் நாமும் கொள்ளத்தக்கதன்று. கண்ணில்லாதார் விரலாற் படிக்கவும், பேச்சில்லாதார் கையசைவாற் பேசவும் வழி காணாத காலத்தில் எழுந்த கருத்து அது. வழி கண்ட பின்னரும் அக்கருத்தையே பற்றிக்கொண்டிருத்தல் அறிவுடைமையாகாது.

இனித் திருக்குறளை நோக்குவோம். ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் பொறியின்மையைப் பற்றிய குறள் ஒன்றுண்டு. அங்கே வரும் 'பொறி' என்னுஞ் சொல்லுக்கு ஊழ் எனப் பொருள் கொண்டார் பரிமேலழகர். உறுப்பு எனப் பொருள் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும் நமக்கு வேண்டிய கருத்து ஒன்றே. ஊழாயினும் ஆகுக, உறுப்பாயினும் ஆகுக, அஃது இல்லாமை ஒருவர்க்குப் பழியன்று. அறியவேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி. நம் வீடுகளிலோ இது தலைகீழாக நிகழ்கின்றது. பழியில்லாத குழந்தையின்மேற் பழியைச் சுமத்துகின்றோம். அறிய முயலாத நம்மைப் பழியற்றவராக எண்ணிக்கொள்கின்றோம்.

மறைத்தல் எவ்வாறு தொடங்குகின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம். குழந்தைக்குக் குறை உண்டென்று தெரிந்தவுடன் வீட்டிலுள்ள பெரியோர் வாயில் முதலில் வருஞ் சொல், 'எங்கள் வம்சத்தில் இப்படி ஒன்று இருந்ததே இல்லையே' என்பதாம். அதன் பொருள், குறை மருமகளோடு வந்தது என்பதன்றோ? கிரகணத்தில் வெளியே போனாள், பப்பாளி தின்றாள், வந்த வேளை சரியில்லை என்று தாயின் தலையில் ஏற்றப்படாத குற்றமில்லை. அடுத்து வருவது திருமணக் கவலை. மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கும்பொழுது இளைய பிள்ளையை உள்ளறைக்கு அனுப்பிவிடுகின்றனர். உறவினர் வீட்டு விசேடங்களுக்குத் தாயும் பிள்ளையும் வருவது நின்றுபோகின்றது. நம் சங்கத்துக் குடும்பப் பதிவேட்டிற்கூட ஒரு பெயர் விடுபட்டுப்போகின்றது. ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின், அப்படி ஒரு பிள்ளை உண்டென்பதே சுற்றத்தார் பலர்க்குத் தெரியாமற் போகின்றது.

வம்சத்தைப் பற்றிப் பேசுவார்க்கு ஒன்று கூறவேண்டும். அக்காள் மகளையும், மாமன் மகளையும், அத்தை மகளையும் மணப்பது நம்முள் நெடுநாள் வழக்கு. அம்மான் பிள்ளை அத்தை பிள்ளை மணந்துகொள்ளுமிடத்துப் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு, உறவல்லார் மணத்தைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு என்பது மருத்துவர் கண்டது. தாய்மாமன் மணத்தில் இரத்தத் தொடர்பு இன்னும் நெருக்கமானது. இதனை அச்சுறுத்தற்காகச் சொல்கின்றிலோம். உறவில் மணந்தார்க்கும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. உறவல்லாரை மணந்தார்க்கும் குறையுள்ள குழந்தைகள் பிறக்கின்றன. மேலும், இவ்வகையில் வருங் குறைகளிற் பல, தாய் தந்தை இருவரிடத்தும் மறைந்து நிற்கும் கூறுகள் ஒன்று சேர்வதனால் வருவன. ஆதலின் ஒருத்தியை மட்டும் குற்றஞ்சாட்டுவது அறமும் அன்று, அறிவும் அன்று. உறவிற் பெண் கொடுக்குமுன் மரபியல் மருத்துவர் ஒருவரைக் கலந்துகொள்வது முகூர்த்தம் பார்ப்பதைப் போன்றதொரு கடமை எனக் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

இனி, அறிதலாகிய கடமையைக் கூறுவோம். குழந்தையின் முதல் ஐந்தாறு ஆண்டுகள் மூளை விரைந்து வளருங் காலம். அக்காலத்திற் செய்யும் பயிற்சிக்குப் பலன் மிகுதி. பின்னர்ச் செய்வதும் வீணன்று. எனினும் முன்னர்ச் செய்ததற்கு ஈடாகாது. ஐந்து திங்கள் நிரம்பியும் கழுத்து நில்லாமை, பத்துத் திங்கள் ஆகியும் துணையின்றி உட்காராமை, ஓராண்டு நிரம்பியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராமை, பதினெட்டுத் திங்கள் ஆகியும் ஒரு சொல்லேனும் வாராமை, ஈராண்டு கழிந்தும் இரு சொல் சேர்த்துப் பேசாமை, முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோதல் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். 'இவன் அப்பனும் ஐந்து வயதிலேதான் பேசினான்' என்று பாட்டிமார் சொல்லும் ஆறுதலால் இழந்த ஆண்டுகள் எத்தனையோ! அவர் அன்பினாற் சொல்கின்றார் என்பதை அறிவோம். ஆயினும் காத்திருந்து பார்ப்பதிற் பெறும் பயன் யாதுமில்லை. காட்டிவிட்டுக் காத்திருப்பதில் நட்டம் யாதுமில்லை.

செவியை எடுத்துக்கொள்வோம். பேசாத குழந்தைகளிற் பலர் நாவிற் குறையுடையவரல்லர். செவி கேளாமையால் பேச்சுக் கல்லாதவர். பிறந்த குழந்தைக்கும் செவிச் சோதனை செய்யும் கருவி இன்றுண்டு. நம் நாட்டில் இத்துறை புதியதும் அன்று. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் செவி கேளாதார்க்குப் பள்ளி தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலாகும். சென்னையில் 1969-ஆம் ஆண்டு தோன்றிய பால வித்யாலயா, செவி கேளாத சிறு குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே ஏற்று, தாயையும் உடன் இருத்திப் பேச்சுப் பயிற்றி, ஏனைய பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு அனுப்பிவருகின்றது. காதுக்குட் பொருத்தும் காக்ளியர் கருவி சிறுவயதிற் பொருத்தினாற்றான் நற்பயன் தரும். அதனாலன்றோ தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இவ்வறுவைச் சிகிச்சைக்கு ஆறு வயது என்னும் எல்லை வைக்கப்பட்டது! ஏழாம் வயதிற் கண்விழித்த பெற்றோர்க்கு அவ்வாயில் அடைபட்டுப்போகின்றது. மறைப்பு எவ்வளவு விலையுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் தென்புறத்தார்க்கு அருகிலேயே உதவியுண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மைய அரசின் பல்வகை ஊனமுற்றோர்க்கான தேசிய நிறுவனம் 2005-ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைகளையுடைய குழந்தைகளை ஆராய்ந்து பயிற்சியளிப்பது அதன் தனிப்பணி. தரமணியில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக் சங்கமும், கோட்டூர்புரத்தில் வித்யாசாகரும் உள்ளன. எழுத்துக்கூட்டிப் படித்தலில் இடர்ப்படும் டிஸ்லெக்ஸியா உடைய பிள்ளைகளுக்கெனச் சென்னை டிஸ்லெக்ஸியா சங்கம் பணி செய்கின்றது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஒவ்வோர் ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இயங்குகின்றது. அங்குச் சிறப்பாசிரியர்களும் இயன்முறைப் பயிற்சி தருவோரும் உளர். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு வீட்டிற்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. இவையெல்லாம் இருந்தும், பரங்கிமலைக்கும் காட்டாங்கொளத்தூருக்கும் இடையில் வாழும் நம் குடும்பங்களிற் பல, இவற்றின் பெயரையே அறியா.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். துன்பமுற்ற பெற்றோரைத் தேடி வருவார் பலர். ஆட்டிசத்தை ஆறு திங்களில் மாற்றுவோம் என்பாரும், ஊசி போட்டால் மூளை வளரும் என்பாரும், நகையை அடகு வைத்தேனும் வருக என்பாரும் உளர். ஸ்டெம் செல் என்னும் உயிரணுச் சிகிச்சையை ஆட்டிசத்திற்குப் பரிந்துரைக்கத் தகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்துள்ளது. ஆட்டிசமும் டவுன் சிண்ட்ரோமும் மருந்தால் மாறுவன அல்ல. பயிற்சியால் வாழ்வு வளம் பெறுவன. மாற்றித் தருவேன் என்பவரை நம்பாது, கற்பித்துத் தருவேன் என்பவரை நாடுக.

இனி, முயலுதலாகிய கடமை. முயலுதலாவது கேட்டுப் பெறுதல். பெற்றோர் கேட்டதனால் உலகம் மாறிய வரலாறு நம் கண்முன்னே உள்ளது. மிது அலூர் என்னும் அம்மையாரின் மகள் மூளை முடக்குவாதத்தோடு பிறந்தார். மகளுக்கேற்ற பள்ளி நம் நாட்டில் இல்லையென்று கண்ட அத்தாய், 1972-ஆம் ஆண்டில் அத்தகைய குழந்தைகளுக்கெனத் தாமே பம்பாயில் ஒரு மையந் தொடங்கினார். அவர் மகள் மாலினி சிப் பட்டங்கள் பெற்று, தம் வாழ்க்கையைத் தாமே நூலாக எழுதினார். நம் சென்னையிலும், கடுமையான மூளை முடக்குவாதமுடைய ஒரு மகனின் தாயாகிய பூனம் நடராஜன் அம்மையார் 1985-இல் தொடங்கியதே இன்று வித்யாசாகர் என வழங்கும் நிறுவனம். அவர் பின்னாளில் மைய அரசின் தேசிய அறக்கட்டளைக்குத் தலைவராகவும் இருந்து பணியாற்றினார். தம் பிள்ளைக்கு வேண்டுமென்று தேடத் தொடங்கியவர்கள், தேடியதை ஊரார் பிள்ளைகளுக்கும் ஆக்கித் தந்தனர்.

அமெரிக்க நாட்டுச் செய்தி ஒன்றும் கேண்மின். அங்குப் பென்சில்வேனியா மாநிலத்தில், ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எய்தாத பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க மறுக்கலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. அறிவு வளர்ச்சிக் குறையுடைய பிள்ளைகளின் பெற்றோர் சங்கமாகக் கூடி 1971-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். 1972-இல் அப்பிள்ளைகளுக்கும் பொதுக்கல்வி உண்டென்னும் முடிவு கிடைத்தது. அதன் தொடர்ச்சியாக 1975-ஆம் ஆண்டில் அந்நாடு முழுமைக்கும் சட்டம் பிறந்தது. அங்கு வழக்காடியது ஒரு தனித் தந்தையல்லன். ஒரு சங்கம் என்பதை நம் சங்கத்தார் மனத்திற் கொள்ளவேண்டும்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே கணக்கிட்டது. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற உடன்படிக்கையில் இந்தியா 2007-இல் இணைந்தது. அதற்கேற்ப இயற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டுச் சட்டம், இருபத்தொரு வகைகளைக் கொண்டது. ஆட்டிசமும், கற்றல் குறைபாடும், தசைச் சிதைவும், இரத்தப் பிணிகளிற் சிலவும் அதனுள் அடங்கும். நூற்றுக்கு நாற்பதும் அதற்கு மேலும் குறையுடைய பிள்ளை, ஆறு வயது முதற் பதினெட்டு வயது வரை, அண்மைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்க உரிமையுடையது என்பது அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு. அரசுப் பள்ளியாயினும் அரசு ஏற்ற பள்ளியாயினும், குறையைக் காட்டிச் சேர்க்கை மறுத்தல் கூடாது. அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் நூற்றுக்கு ஐந்து இடமும், அரசுப் பணிகளில் நூற்றுக்கு நான்கு இடமும் ஒதுக்கப்பட்டுள்ளன. சிறப்புக் கவனம் வேண்டிய பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிற் பதின்மர்க்கு ஒரு சிறப்பாசிரியரும், அதற்கு மேற்பட்ட வகுப்புக்களிற் பதினைவர்க்கு ஒரு சிறப்பாசிரியரும் இருக்கவேண்டுமென 2021-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அதே ஆண்டில், எழுதுங்கால் கை இழுத்துக்கொள்ளும் குறையுடைய ஒருவர்க்கு, சொல்வதை எழுதுபவரைத் தேர்வில் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அந்நீதிமன்றம் நிலைநாட்டிற்று. நம் மாநிலப் பொதுத் தேர்வுகளிலும் தகுதியுடையார்க்கு எழுதுபவர் உதவியும், ஒரு மணி நேரக் கூடுதலும், ஒரு மொழிப்பாட விலக்கும் கிடைக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் திறவுகோல் ஒன்றுண்டு. அஃது அரசு மருத்துவர் தரும் ஊனச் சான்றிதழும், அதனோடு வரும் தனி அடையாள அட்டையுமாம். இங்கேதான் நம் பெற்றோர் தயங்கி நின்றுவிடுகின்றனர். 'முத்திரை குத்தியதாகிவிடும்' என்கின்றனர். நோய்க்கு மருந்துச் சீட்டு வாங்குவது முத்திரையாகுமோ? நிலத்திற்குப் பட்டா வாங்குவது முத்திரையாகுமோ? சான்றிதழ் குழந்தையைச் சிறுமைப்படுத்துவதன்று. அதன் பங்கை அதற்கு உறுதிப்படுத்துவது. தாம்பரம், பல்லாவரம் வட்டத்தார்க்கு 2019 முதற் செங்கற்பட்டே மாவட்டத் தலைநகர். ஆதலின் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு அங்கே செல்லவேண்டும். சோழிங்கநல்லூர், வேளச்சேரிப் பக்கத்தார் சென்னை மாவட்டத்தவர். கடுங்குறையுடையார்க்கும் அறிவு வளர்ச்சிக் குறையுடையார்க்கும் தமிழ்நாட்டரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023-ஆம் ஆண்டு சனவரி முதல் மாதம் 2000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சான்றிதழின்றி அதனையும் பெற இயலாது.

மாற்றுத்திறனாளி என்னும் பெயர் தமிழ்நாட்டரசின் வழக்கில் 2010-ஆம் ஆண்டு முதல் நிலைபெற்றது. ஏட்டிற் பெயர் மாறியும் நம் தெருவிலும் வீட்டிலும் பழைய வசைச் சொற்களே வழங்குகின்றன. குறையின் பெயரால் ஒரு பிள்ளையைக் கூப்பிடும் வழக்கத்தை நம் வீடுகளிலிருந்து ஒழிப்போமாக. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டன்றோ? அப்பெயரால் அழைப்போம்.

இனிப் பள்ளியிற் கேட்கும் முறையைப் பற்றிச் சில சொல்வோம். யாம் ஆசிரியத் தொழிலில் இருத்தலின், மேசைக்கு அப்பாலிருந்து கண்டவை இவை. 'என் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் பெற்றோர் பலர். நாற்பது ஐம்பது பிள்ளைகளை வைத்துப் பாடஞ்சொல்லும் ஆசிரியர், என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்றறியாது தலையசைத்து அனுப்பிவிடுவார். 'இவன் இடச்செவியால் மட்டும் கேட்பான். வகுப்பின் வலப்பக்கத்து முதல் பெஞ்சில் இருத்துக' என்று கேட்டால் அது மறுநாளே நடைபெறும். 'கரும்பலகையைப் பார்த்து எழுத இவளுக்கு இரு மடங்கு நேரமாகும். பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்தெழுத இசைவு தருக' என்பதும், 'மணி அடிக்கும் ஓசைக்கு அஞ்சுவான். முன்னரே ஒரு சொல் சொல்லிவைக்க' என்பதும் அத்தகையன. பொதுவாகக் கேட்டதற்குப் பொதுவாகவே விடை வரும். குறித்துக் கேட்டதற்குக் குறித்த விடை வரும்.

இரண்டாவது, எழுதிக் கேட்க. வாய்ச்சொல் காற்றோடு போகும். சேர்க்கை வேண்டினும் சலுகை வேண்டினும் ஒரு தாளில் நாளிட்டெழுதி, ஒரு படியில் பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்க. மருத்துவர் சீட்டுக்கள், சோதனை முடிவுகள், பள்ளிக் கடிதங்கள் யாவற்றையும் நாள் வரிசையில் ஒரே கோப்பிற் கட்டுக. மறுப்பு வருமாயின், 'எழுத்தில் தருக' என்று அமைதியாகக் கேட்க. வாயால் எளிதில் மறுப்பார், எழுத்தில் மறுக்கத் தயங்குவர். அதன்மேலும் மறுத்தால் கல்வி அலுவலர்க்கும், பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்க்கும் முறையீடு செய்யலாம்.

மூன்றாவது, சினந்து கேளற்க, இரந்தும் கேளற்க. சினத்தால் ஆசிரியரைப் பகைத்தால், நாள் முழுதும் அவரிடம் இருக்கும் பிள்ளைக்கே துன்பம். இரப்பினாலோ, உரிமையாக வந்தது பிச்சையாகிவிடும். பிச்சை இன்று உண்டு, நாளை இல்லை. உரிமை என்றும் உண்டு. நான்காவது, பிள்ளையின் இயலாமையை மட்டும் அடுக்காது, இயல்வதையும் சொல்லுக. பாட்டைக் கேட்டால் அமர்ந்திருப்பான், கணக்கில் வல்லவன், செடிக்கு நாள்தோறும் நீர் வார்ப்பாள் என்பவற்றை அறிந்தாலன்றோ ஆசிரியர் எங்கே தொடங்குவதென்று அறிவார்? ஐந்தாவது, பிள்ளை வளர வளர, அதனையும் உடன் வைத்துக்கொண்டு பேசுக. தன்னைப் பற்றித் தானே கேட்கப் பழகுவதே அப்பிள்ளைக்கு நாம் வைத்துப்போகும் பெருஞ்செல்வம்.

'எமக்குப்பின் இப்பிள்ளைக்கு யார்?' என்பது இப்பெற்றோரின் நள்ளிரவுக் கவலை. இதற்கும் ஓரளவு வழியுண்டு. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகைக் குறை ஆகிய நான்கினையும் உடையார்க்கு உரியது. பதினெட்டு வயது நிரம்பியபின் பெற்றோர் தாமாகவே காப்பாளராகத் தொடர்தல் சட்டப்படி இல்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலுள்ள குழுவினிடம் விண்ணப்பித்துக் காப்பாளரை அமைத்துக்கொள்ளவேண்டும். இதனை அறியாது வங்கியிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தடுமாறுவார் பலர். நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடு ஓர் இலட்சம் ரூபாய் வரையிற் பயன்படும். நம் தாம்பரத்தில் இரயில்வேயிலும் விமானப்படையிலும் ஏனை மைய அரசு அலுவலகங்களிலும் பணியாற்றுவோர் பலர். தன் பிழைப்பைத் தானே தேட இயலாத பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுதும் கிடைக்க விதியுண்டு. பெற்றோர் உயிரோடிருக்கும்பொழுதே அலுவலகத்தில் அப்பிள்ளையின் பெயரைப் பதிவு செய்துவிடுக. பெயரையே மறைத்து வைத்த பிள்ளைக்குப் பின்னர் யார் சென்று சான்று சொல்வர்? சொத்து விடயத்திலும், 'அண்ணன் பார்த்துக்கொள்வான்' என்னும் வாய்மொழியை நம்பாது உயில் எழுதிவைத்தல் நலம். உடன்பிறந்தார் அன்புடையரே. ஆயினும் அவர்க்கும் குடும்பம் உண்டு. அவர் அன்பைச் சுமையாக்காது காப்பதற்கும் எழுத்தே துணை.

இறுதியாக, சங்கத்தார்க்கு விண்ணப்பம். பெற்றோர் மறைப்பது பெற்றோர் குற்றம் மட்டுமன்று. வெளிப்படுத்தினால் இகழப்படுவோம் என்னும் அச்சத்தை ஊட்டியவர் சுற்றத்தாராகிய நாமே. ஆதலின் அச்சத்தை நீக்கவேண்டியவரும் நாமே. ஐந்து தீர்மானங்களை இக்கிளையின் செயற்குழு முன் வைக்கின்றோம். குடும்பப் பதிவேட்டில் எல்லாக் குழந்தைகளின் பெயரும் எழுதப்படுக. நம் மண்டபத்தின் படிகளுக்கு அருகே சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும், அந்நாற்காலி நுழையும் கழிப்பறையும் அமைக்கப்படுக. ஆண்டுவிழாவில் மதிப்பெண் மிகுதியாற் பரிசு பெறும் பிள்ளைகளோடு, தம் நிலையிலிருந்து முயன்று ஒரு படி ஏறிய பிள்ளைகளுக்கும் அதே மேடையில் அதே பரிசு வழங்கப்படுக. ஓய்வு பெற்ற ஆசிரியரும் அலுவலரும் நால்வர் சேர்ந்து, விண்ணப்பம் எழுதித் தரவும், செங்கற்பட்டு அலுவலகத்திற்கும் முட்டுக்காட்டுக்கும் முதன்முறை உடன் செல்லவும் முன்வருக. கிழமைதோறும் பயிற்சிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்தேறும் தாய்க்கு, ஒரு நாளேனும் ஒருவர் துணையாவது பெரிய அறமன்றோ? ஐந்தாவது தீர்மானம் பொருட்செலவு இல்லாதது. ஆனால் அதுவே அரியது. வரன் பேசுமிடத்து உடன்பிறந்தார் குறையை ஒரு குற்றமாக எடுத்துப் பேசமாட்டோம் என்று நாம் ஒவ்வொருவரும் உறுதி கொள்வோம். அவ்வுறுதி நிலைபெறுமாயின், மறைப்பதற்குரிய காரணத்திற் பாதி அன்றே ஒழியும்.

இவ்வவையில் யாரேனும் தம் பிள்ளையை வீட்டில் விட்டு வந்திருப்பின், அவர்களைப் பெயர் சொல்லி யாம் கேட்கப்போவதில்லை. அடுத்த திங்கட் கூட்டத்திற்கு அப்பிள்ளையையும் அழைத்து வருக என்று மட்டும் வேண்டிக்கொள்கின்றோம். ஓடினாலும், சத்தமிட்டாலும், இடையில் எழுந்து சென்றாலும், திரும்பிப் பார்த்து முகஞ்சுளிப்பார் ஒருவரும் இங்கிருத்தலாகாது. பந்தியிலும் அப்பிள்ளைக்கு முதல் வரிசையில் இலை போடப்படுக.